எளிதாக்காதீர்கள், மாற்றி அமையுங்கள்: மாற்றுத்திறன் சிறாருக்கு விளையாட்டுப் பயிற்சி

2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலி ஓட்டத்தில் இரண்டு பதக்கங்கள் வென்றபோது டாட்யானா மெக்ஃபேடனுக்கு வயது 15. பதக்கங்களோடு ஊர் திரும்பியவர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் தான் படித்த பள்ளியின் தடகள அணியில் சேர்ந்தார். ஆனால் பந்தயங்களில் மற்ற மாணவிகளோடு அவரை ஓட விடவில்லை. அவர்கள் ஓடி முடித்துத் தடம் காலியான பிறகு, அவர் மட்டும் தனியாகச் சுற்றி வர வேண்டும் என்றார்கள். 2005இல் அவர் வழக்குத் தொடுத்தார். இழப்பீடாக ஒரு காசும் கேட்கவில்லை. மற்றவர்கள் ஓடும் நேரத்தில் தானும் தடத்தில் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. 2006இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2008இல் மேரிலாந்து மாநிலம், மாற்றுத்திறன் மாணவர்களுக்குப் பள்ளி விளையாட்டில் சம வாய்ப்பு தர வேண்டும் என்று சட்டமே இயற்றியது.

அந்தத் தனி ஓட்டத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அக்கறை போலவே தெரிந்திருக்கும். தடம் கொடுத்தார்கள், ஓட விட்டார்கள், கைதட்டவும் செய்திருப்பார்கள். கொடுக்காதது பந்தயம் ஒன்றைத்தான். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொருத்தி வராத இடத்தில் பந்தயம் ஏது?

மாற்றுத்திறன் கொண்ட சிறுவர் சிறுமியருக்குப் பயிற்சி தருவது பற்றி எனக்குள்ள ஒரே வாதம் இந்த நிகழ்வுக்குள் அடங்கியிருக்கிறது. கருவியை மாற்றலாம்; இடத்தை, விதியை, சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றலாம். பல நேரங்களில் மாற்றியே ஆக வேண்டும். விளையாட்டை விளையாட்டாக்கும் சவாலில் மட்டும் கைவைக்கக் கூடாது. பெரும்பாலான பயிற்சியாளர்கள் நல்லெண்ணத்தோடு இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கருவியும் விதியும் அப்படியே இருக்கும். அந்தக் குழந்தையிடம் எதிர்பார்ப்பது மட்டும் குறைந்துவிடும்.

மருத்துவமனையில் பிறந்த பழக்கம்

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1948 ஜூலை 29ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை வளாகத்தில், தண்டுவடம் அடிபட்ட முன்னாள் படையினர் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். 14 பேர் ஆண்கள், 2 பேர் பெண்கள். போட்டியை நடத்திய லுட்விக் குட்மன், நாஜி ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பி வந்த யூத நரம்பியல் மருத்துவர். அதற்கு முன்பெல்லாம் தண்டுவடம் சேதமானவர்களைப் படுக்கையில் கிடத்திவிட்டுக் காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும் அவர்களை விரைவிலேயே கொன்றன. குட்மன் அவர்களை எழுப்பி உட்கார வைத்து, கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1960இல் ரோமில் 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் கூடிய போட்டியையே இன்று முதல் பாராலிம்பிக் என்கிறோம்.

குட்மன் செய்தது மாபெரும் காரியம். ஆனால் விளையாட்டு அங்கே சிகிச்சையின் ஒரு பகுதியாகத்தான் தொடங்கியது. அந்த நினைப்பு இன்றும் விலகவில்லை. மாற்றுத்திறன் குழந்தை மைதானத்துக்கு வந்தால் "உடம்புக்கு நல்லது", "மனசுக்கு மாறுதல்" என்கிறோம். வேறு எந்தக் குழந்தையும் கால்பந்து ஆட வந்தால் அப்படிச் சொல்வதில்லை, "கோல் போடுவாயா?" என்று கேட்கிறோம். சிகிச்சையாளர் உடலில் இருக்கும் குறையைச் சரிசெய்யப் பார்ப்பவர். அந்த உடல் இன்று இருக்கிறபடியே எவ்வளவு வேகமாக, எவ்வளவு துல்லியமாக இயங்க முடியும் என்று பார்ப்பது பயிற்சியாளரின் வேலை. இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யப் புகுந்தால் குழந்தைக்குப் பயிற்சியாளர் இல்லாமல் போய்விடுகிறார்.

மருத்துவமனை வழியாக வராத பாதைகளும் உண்டு. காது கேளாதோர் தங்களுக்கான உலகப் போட்டியைத் தாங்களே 1924இல் பாரிஸில் தொடங்கிவிட்டார்கள்; பாராலிம்பிக்கைவிட அது மூத்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962இல் தன் வீட்டுப் பின்புறத்தில் நடத்திய கோடைக்கால முகாம், 1968இல் சிகாகோவில் சிறப்பு ஒலிம்பிக்காக வளர்ந்தது. மூன்று இயக்கங்களும் இன்றும் தனித்தனியாகவே நடக்கின்றன. தன்னிடம் வரும் குழந்தைக்கு இவற்றில் எந்தக் கதவு திறக்கும் என்பது பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதை மாற்றுவது?

பயிற்சியாளர்களுக்குக் கற்றுத்தரப்படும் ஒரு வழிமுறை உண்டு. ஒரு பயிற்சி ஒரு குழந்தைக்குப் பொருந்தவில்லை என்றால் நான்கு விஷயங்களைத் திருப்பிப் பார்க்கச் சொல்வார்கள்: இடம், செயல், கருவி, ஆட்கள். கேட்பதற்கு எளிது. நடைமுறையில் எப்படி இருக்கும்?

பன்னிரண்டு குழந்தைகள் கூடைப்பந்தில் பந்து கடத்தப் பழகுகிறார்கள் என்று வையுங்கள். ஒருத்தி சக்கர நாற்காலியில் இருக்கிறாள். ஒருவனுக்குப் பார்வை மங்கல். இன்னொருவன் நீளமான கட்டளையைக் கேட்டால் நடுவிலேயே குழம்பிவிடுவான். வழக்கமான தீர்வு, மூவரையும் ஓரமாக உட்கார வைத்து ஆளுக்கொரு பந்தைக் கொடுத்துவிடுவது. நான்கு விஷயங்களையும் பார்க்கத் தெரிந்த பயிற்சியாளர் வேறு மாதிரி யோசிப்பார். ஆட்களுக்கிடையே இடைவெளியை அகலமாக்கினால் நாற்காலி திரும்ப இடம் கிடைக்கிறது. தரையோடும் பின்னணியோடும் கலந்துவிடாத பளிச்சென்ற நிறப் பந்தை எடுத்து, கடத்துபவர் பெறுபவரின் பெயரைக் கூவிவிட்டே வீச வேண்டும் என்று விதி வைத்தால் பார்வை மங்கலானவனுக்குப் பந்து எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடுகிறது. மூன்று கட்டளைகளை ஒன்றாகச் சொல்லாமல் ஒன்றைச் சொல்லி, செய்து காட்டி, அது முடிந்த பிறகு அடுத்ததைச் சொன்னால் குழம்புகிறவன் குழம்புவதில்லை. பெயரைக் கூவி வீசும் விதியால் மற்ற ஒன்பது பேரும் கெட்டுப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆடுகளத்தில் பேசிக்கொள்ளாத அணியைத் திருத்த எத்தனையோ பயிற்சியாளர்கள் இதே விதியைத்தான் வைக்கிறார்கள்.

தேர்ந்த விளையாட்டுகளின் விதிகளிலேயே இந்தச் சிந்தனை இருக்கிறது. சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை தரையில் பட்டெழலாம். முதல் முறை மட்டும் ஆடுகளத்துக்குள் விழ வேண்டும். மற்றபடி அது முழுக்க டென்னிஸ்தான்; மட்டை, வலை, கோடு, எண்ணிக்கை எதிலும் சலுகை கிடையாது. பார்வையற்றோருக்கான கோல்பாலில் 1.25 கிலோ எடையுள்ள, உள்ளே மணிகள் வைத்த பந்தை மூன்று பேர் அடங்கிய அணி உருட்டி எறிகிறது. எல்லார் கண்ணும் கட்டப்பட்டிருக்கும், எதிரணி ஒலியைக் கேட்டுப் பாய்ந்து விழுந்து 9 மீட்டர் அகலக் கோலைக் காக்க வேண்டும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பார்வையாளர்கள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. ஒருமுறை ஆடிப் பார்த்தவர் இதை எளிதான ஆட்டம் என்று சொல்லமாட்டார்.

கருவியை மாற்றுவதில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு வில்வித்தையிலிருந்து வருகிறது. கைகள் இல்லாமல் பிறந்த அமெரிக்கர் மேட் ஸ்டட்ஸ்மன் காலால் வில்லைப் பிடித்து, உடலில் கட்டிய விடுவிப்புக் கருவியால் நாணை இழுத்து எய்தார். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் வெள்ளி வென்றார். பல ஆண்டுகள் கழித்து, அதேபோல் கைகளின்றிப் பிறந்த இந்தியச் சிறுமி ஷீத்தல் தேவி பயிற்சிக்கு வந்தார். செயற்கைக் கை சரிவரவில்லை. அவருடைய பயிற்சியாளர்கள் கைகளில்லாத ஒருவருக்கு அதற்கு முன் வில்வித்தை கற்றுத்தந்ததில்லை. ஸ்டட்ஸ்மன் முறையைப் பார்த்து, அந்தப் பெண்ணின் தோளுக்கும் தாடைக்கும் ஏற்றபடி கருவியைச் செய்து பொருத்தினார்கள். 2024 பாரிஸில் தன் 17 வயதில் ஷீத்தல் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். இலக்கைப் பெரிதாக்கவில்லை, அருகில் கொண்டுவரவும் இல்லை. மற்றவர்கள் எய்யும் அதே 50 மீட்டர் தூரம்.

தெரியாமல் இருக்கக் கூடாதவை

எண்ணம் நல்லதாக இருந்தால் போதாது. சில உடல் நிலைகளைப் பற்றிய அறிவில்லாமல் பயிற்சி தருவது ஆபத்து. இதை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பயிற்சியாளர்கள் தயங்குவதும் இங்கேதான், தவறுவதும் இங்கேதான்.

தண்டுவடம் மேல்பகுதியில் சேதமானவர்களுக்குச் சேதத்துக்குக் கீழே வியர்வை சுரப்பது குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். வெயிலில் மற்ற குழந்தைகள் வியர்த்துக் குளிர்ந்துகொண்டிருக்க, இந்தக் குழந்தையின் உடல் சத்தமில்லாமல் சூடேறிக்கொண்டே போகும். தண்ணீர் குடிக்கச் சொன்னால் மட்டும் போதாது. நிழல் வேண்டும், தோலில் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஈரத் துணி, ஐஸ் கைவசம் இருக்க வேண்டும். இதைவிட அவசரமானது இன்னொன்று. மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு அளவிலோ அதற்கு மேலோ சேதம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, இடுப்புப் பட்டை இறுகினாலோ, உணர்வில்லாத காலில் ஏதேனும் குத்தினாலோ இரத்த அழுத்தம் திடீரென்று தாறுமாறாக ஏறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, சேதத்துக்கு மேலே வியர்ப்பது ஆகியவை அறிகுறிகள். படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமானவற்றைத் தளர்த்தி, காரணத்தைத் தேட வேண்டும். அடங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை. இரத்த அழுத்தம் ஏறினால் செயல்திறன் கூடும் என்று சிலர் இதை வேண்டுமென்றே தூண்டுவதுண்டு. பாராலிம்பிக் விதிகள் அதைத் தடைசெய்திருக்கின்றன. தன் பொறுப்பிலுள்ள குழந்தையிடம் அதைப் பற்றி ஜாடையாகச் சொல்லும் பயிற்சியாளர்கூட மைதானத்தில் இருக்கத் தகுதியற்றவர்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாக நீருக்குள் பாய்வது, தலையால் பந்து முட்டுவது போன்றவற்றுக்கு முன் மருத்துவ ஆலோசனை தேவை. கழுத்து வலி, நடை மாறுவது, கையில் புதிதாகத் தெரியும் பலவீனம், கட்டுப்பாடில்லாமல் சிறுநீர் போவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் பயிற்சியை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். பலருக்கு உச்ச இதயத் துடிப்பும் மற்றவர்களைவிடக் குறைவு. எனவே "இத்தனை வயதுக்கு இத்தனை துடிப்பு" என்ற வழக்கமான கணக்கைப் போட்டு, இவன் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

தண்டுவடப் பிளவோடு பிறந்த குழந்தைகளில் பலருக்கு ரப்பர் பாலில் செய்த பொருட்கள் ஒவ்வாமை தரும். மெதுவாக மிதந்து வருவதால் பலூன் இளம் குழந்தைகளுக்கு அருமையான பயிற்சிக் கருவி என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். இந்தக் குழந்தைக்கு அதே பலூன் மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். உடற்பயிற்சி ரப்பர் பட்டைகளும் முதலுதவிக் கையுறைகளும் இப்படித்தான்.

பெருமூளை வாதம் உள்ளவர்களுக்குக் குளிரும் பதற்றமும் தசை இறுக்கத்தைக் கூட்டும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் உடலைச் சூடேற்றிக்கொண்டால் இவர்களுக்கு இன்னும் நேரம் தேவைப்படும். திடீர் ஒலிக்கு உடல் துள்ளிவிடுவதால் தொடக்கத் துப்பாக்கிச் சத்தத்திலேயே ஓட்டம் குலைந்துபோகலாம். அந்த ஒலிக்குப் பழக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான். வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது. எல்லாச் சிறுவர்களுக்கும் அப்போது ஆட்டம் கொஞ்சம் தடுமாறும், பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கு அது கூடுதலாகவே தெரியும். நேற்று வரை முடிந்தது இன்று முடியவில்லை என்று அந்தச் சிறுவன் உடைந்துபோகும்போது இதை விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

வளரும் உடல் என்பதாலேயே செயற்கைக் கால் பொருத்தியவர்களுக்கு, எஞ்சிய கால் நுழையும் குழியும் சில மாதங்களில் பொருந்தாமல் போகும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் தோலில் சிவப்பு, கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்கக் குழந்தைக்கே கற்றுத்தர வேண்டும். உணர்வில்லாத இடத்தில் புண் வந்தால் வலிக்காது. வலிக்காத புண்தான் மாதக்கணக்கில் ஒருவரை மைதானத்திலிருந்து விலக்கி வைக்கும்.

ஓட்டக்காரனுக்கு ஓய்வு நாள் தந்தால் அவன் கால்கள் ஓய்வெடுக்கும். நாற்காலியைத் தள்ளும் பெண்ணுக்கு ஓய்வு நாள் தந்தாலும் அவள் தோள்கள் ஓய்வெடுப்பதில்லை. வகுப்புக்குப் போக, கட்டிலிலிருந்து இறங்க, குளிக்க எல்லாமே தோள்தான். பயிற்சி அட்டவணை போடும்போது இதைக் கணக்கில் எடுக்காதவர்கள் பதினாறு வயதிலேயே தோளைத் தேய்த்துவிடுகிறார்கள். முன்பக்கத் தசைகள் தள்ளித்தள்ளித் தாமாகவே வலுப்பெறும். பின்தோள் தசைகளைத்தான் தேடிப்பிடித்து வலுவாக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் நாளில் குழந்தையிடமும் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். நோயின் பெயரை மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது என்பதே முக்கியம். ஒரே பெயர் கொண்ட இருவரின் உடல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

சொல்லும் விதம்

பார்வையற்ற மாணவியிடம் "இதோ, இப்படி" என்று செய்து காட்டும் பயிற்சியாளர் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. முழங்கை எந்த உயரத்தில், உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்து, எடை எந்தக் காலில் என்று அவர் சொற்களால் வரைய வேண்டும். சொல் போதாத இடத்தில், மாணவி விரும்பினால், பயிற்சியாளரின் தோளையும் முழங்கையையும் தொட்டு அசைவை உணரலாம். அவளைத் தொட வேண்டுமானால் எங்கே, எதற்கு என்று சொல்லி, சம்மதம் கேட்ட பிறகே தொட வேண்டும்.

காது கேளாத மாணவனிடம் பேசும்போது சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் உதடு இருட்டாகிவிடும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால் பேசாததற்குச் சமம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அன்றைய பயிற்சியின் வரிசையைப் படங்களாகக் காட்டிவிட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். வரிசை மாறப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் "புரிந்ததா?" என்று கேட்டுப் பயனில்லை, அநேகமாக "புரிந்தது" என்றுதான் பதில் வரும். "செய்து காட்டு" என்று கேளுங்கள். நாற்காலியில் இருப்பவரிடம் நீண்ட நேரம் பேசுவதானால் அவர் கண் மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். நாற்காலியில் சாய்ந்து நிற்காதீர்கள். அது அவர் உடலின் ஒரு பகுதி.

சில விளையாட்டுகளில் பயிற்சியாளரின் உடலே ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பார்வையற்ற நீச்சல் வீரர் சுவரை நெருங்கும்போது, நுனியில் மென்பஞ்சு கட்டிய கோலால் தலையிலோ முதுகிலோ தட்டித் திரும்பும் நேரத்தை உணர்த்துபவர் பெரும்பாலும் பயிற்சியாளர்தான். அரை வீச்சு முன்னால் தட்டினால் திருப்பம் வீண், பின்னால் தட்டினால் தலை சுவரில். தடத்தில் வழிகாட்டி ஓட்டக்காரரும் வீரரும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றாமல் ஓட வேண்டும். முடிவுக் கோட்டை வீரர்தான் முதலில் கடக்க வேண்டும். பார்வையற்றோர் கால்பந்தில் கண் தெரிந்த கோல்காப்பாளர் ஒரு முனையிலும், பயிற்சியாளர் நடுவிலும், வழிகாட்டி எதிர்க் கோலுக்குப் பின்னாலும் நின்று அவரவர் பகுதியில் மட்டும் குரல் கொடுப்பார்கள். எப்போது பேசக் கூடாது என்பதையும் பயிற்சியாளர் கற்க வேண்டிய விளையாட்டு அது.

பாராட்டு எப்போது அவமதிப்பாகிறது?

ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங் ஒரு நிகழ்வைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு 15 வயதாக இருந்தபோது, உள்ளூர்க்காரர் ஒருவர் அவரைச் சமூகச் சாதனை விருதுக்குப் பரிந்துரை செய்ய விரும்பிப் பெற்றோரிடம் வந்தாராம். பெற்றோர் நன்றி சொல்லிவிட்டு, ஒரே ஒரு சிக்கல்தான், இவள் இதுவரை எதையும் சாதிக்கவில்லையே என்றார்களாம். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு பள்ளிக்குப் போவதே சாதனை என்று வந்தவர் நினைத்துவிட்டார்.

மைதானத்தில் இது தினமும் நடக்கிறது. மோசமாக எறிந்த குண்டுக்கும் "அருமை!" என்று கத்துகிறோம். அந்தச் சிறுமிக்குத் தெரியும் அது மோசமான எறி என்று. பக்கத்தில் எறிந்தவளுக்கு "தோள் முன்னாலேயே திறந்துவிட்டது, மறுபடி எறி" என்று சொன்னார்கள், தனக்கு மட்டும் கைதட்டினார்கள் என்பதும் தெரியும். திருத்தம் பெறுவது மதிக்கப்படுவதன் அடையாளம். குழந்தைகள் இதை நம்மைவிட வேகமாகக் கண்டுகொள்கிறார்கள்.

எப்படித் திருத்துவது என்பதற்கும் ஆய்வு வழிகாட்டுகிறது. ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்குச் சில எளிய பழக்கங்களைக் கற்றுத்தந்தார்கள்: முயற்சியைக் கவனித்துப் பாராட்டுவது, தவறு நேர்ந்ததும் தைரியம் சொல்லி உடனே திருத்தும் வழியைக் காட்டுவது, தண்டிக்காமல் இருப்பது. 1992இல் வெளியான அவர்களின் ஆய்வில், இப்படிப் பயிற்சி பெற்றவர்களிடம் ஆடிய சிறுவர்களில் 5 சதவீதம் பேரே அடுத்த பருவத்துக்குத் திரும்பவில்லை. பயிற்சி பெறாதவர்களின் அணிகளில் அது 26 சதவீதம். அந்த ஆய்வு மாற்றுத்திறன் சிறாரைப் பற்றியது இல்லை. ஆனாலும் தைரியமும் திருத்தமும் சேர்ந்தே வர வேண்டும் என்ற பாடம் இங்கே இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. பெரும்பாலான மாற்றுத்திறன் சிறாருக்கு முதல் பாதி தாராளமாகக் கிடைக்கிறது, இரண்டாம் பாதி கிடைப்பதே இல்லை.

எங்கே ஆட விடுவது என்பதிலும் எதிர்பார்ப்பு தெரிந்துவிடும். 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலு, 14 வயதில் உடற்குறை இல்லாத மாணவர்களோடு உயரம் தாண்டி இரண்டாம் இடம் பெற்றவர். அவர் திறமையைக் கண்டது பள்ளி உடற்கல்வி ஆசிரியர். அதற்காக எல்லாரும் எப்போதும் கலந்தே ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி பேசும் அணியில் கிடைக்கும் நிம்மதியை வேறு எந்த அணியும் தராது. கலந்து ஆடுவதா, தனி அணியா என்பதைக் குழந்தையிடம் கேளுங்கள். இரண்டையும் சுவைத்துப் பார்க்க விடுங்கள்.

வகைப்பாடும் நேர்மையும்

போட்டி நிலைக்கு வந்ததும் வகைப்பாடு என்ற சொல் வந்துவிடும். ஒரே அளவு இயக்கத் தடை உள்ளவர்கள் ஒருவரோடொருவர் மோத வேண்டும் என்பதே அதன் நோக்கம். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் ஒவ்வொரு வீரருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. இந்த விதியால், உடல் இயக்கம் மிகக் குறைவாக உள்ள ஒரு புள்ளி வீரரும் அணிக்குத் தவிர்க்க முடியாதவர் ஆகிறார். எதிராளியின் நாற்காலியை மறித்து வழி உண்டாக்க அவருக்குக் கற்றுத்தரும் பயிற்சியாளர் ஆட்டங்களை வெல்கிறார்.

சிறார் விஷயத்தில் வகைப்பாடு நிலையானது இல்லை. உடல் வளரும், சில நிலைகள் தீவிரமாகும், மறுமதிப்பீட்டில் பிரிவு மாறும். நேற்று தங்கம் வென்ற பிள்ளை இன்று வேறு பிரிவில் கடைசியில் வரலாம். அதற்கு முன்கூட்டியே மனத்தைத் தயார்படுத்துவது பயிற்சியாளரின் கடமை. மதிப்பீட்டின்போது "கொஞ்சம் தளர்ந்து காட்டு" என்று காதில் சொல்லும் ஆசையும் இங்கேதான் எழுகிறது. 2000 சிட்னி பாராலிம்பிக்கில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு அப்படி எந்தக் குறைபாடும் இல்லை என்பது பிறகு அம்பலமானது. தங்கம் திரும்பப் பெறப்பட்டது. அதோடு முடியவில்லை. அறிவுசார் குறைபாட்டுப் பிரிவே பாராலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 2012 லண்டனில்தான் திரும்பியது. ஏமாற்றியவர்களுக்காக, உலகம் முழுவதும் நேர்மையாகப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு தலைமுறை தண்டனை அனுபவித்தது.

பாதுகாப்பு

உலகச் சுகாதார அமைப்பின் முன்முயற்சியில் நடந்து 2012இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மாற்றுத்திறன் குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட 3.7 மடங்கு என்று கண்டது. விளையாட்டில் இந்த ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பது கொஞ்சம் யோசித்தாலே தெரியும்: உடை மாற்ற, கழிவறைக்குப் போக, நாற்காலியிலிருந்து இறங்க, வெளியூர்ப் போட்டிக்குப் பயணம் செய்ய இன்னொருவர் கை தேவைப்படுகிறது. யார் உதவுவது என்பதைக் குழந்தையும் பெற்றோரும் சேர்ந்து முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மட்டும் இருக்கும் நிலை வரக் கூடாது. பேச முடியாத குழந்தைக்குப் "பிடிக்கவில்லை" என்று உணர்த்த ஒரு படமோ சைகையோ கட்டாயம் கற்றுத்தரப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சைகையை மைதானத்தில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு சொல். பயிற்சியாளர் குழந்தையிடம் கேட்கும் கேள்விக்கு அம்மா பதில் சொல்லுவார். அதில் குற்றம் காணாதீர்கள். பல ஆண்டுகளாக மருத்துவர்களிடம் அப்படிப் பேசியே பழகியவர் அவர். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அதே கேள்வியைக் குழந்தையிடம் மறுபடி கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

பள்ளி முடிந்த பிறகு

மாற்றுத்திறன் இளையோரின் விளையாட்டு வாழ்க்கையில் பெரிய பள்ளம் பதினெட்டு வயதில் வருகிறது. பள்ளி இருக்கும்வரை ஆசிரியர், வாகனம், சக மாணவர்கள், நேரம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. பள்ளி முடிந்த மறுநாள் அவை அனைத்தும் ஒன்றாக மறைந்துவிடுகின்றன. தேசிய அணிக்குத் தேறிய சிலருக்கு வழி இருக்கிறது. வாரம் இரண்டு நாள் ஆடினால் போதும் என்றிருக்கும் பெரும்பான்மைக்குப் போக இடமில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, பொதுவான விளையாட்டிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி விளையாட்டிலும் பங்கேற்பது உரிமை என்கிறது. அந்த உரிமைக்கு வயது வரம்பு போடப்படவில்லை.

எனவே பதினாறு வயதிலேயே பயிற்சியாளர் தேடத் தொடங்க வேண்டும். எந்தக் கழகத்தின் வாசலில் சாய்தளம் இருக்கிறது? எந்த நீச்சல் குளத்தில் இறக்கிவிடும் கருவி வேலை செய்கிறது? எந்தப் பயிற்சியாளர் பயப்படாமல் ஏற்றுக்கொள்வார்? மாணவனை ஒருமுறை நேரில் அழைத்துப்போய் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அவன் உடலைப் பற்றித் தெரிந்துகொண்ட குறிப்புகளை, அவன் சம்மதத்தோடு, அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆட விரும்பாமல் கற்றுத்தர விரும்புகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் பயிற்சியில் பந்து எடுத்துத் தரும் வேலையில் தொடங்கி, உடல் சூடேற்றும் பகுதியை அவர்களிடமே விடலாம். புதிதாக நாற்காலிக்கு வந்த ஒரு எட்டு வயதுக் குழந்தைக்கு, சரிவில் நாற்காலியை எப்படி நிறுத்துவது என்று இன்னொரு நாற்காலியிலிருந்து ஒரு பதினேழு வயதுப் பெண் சொல்லித்தருவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டே நிமிடம்தான் ஆனது. அதே பாடத்தை அந்தக் குழந்தையின் பயிற்சியாளர் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.